பசித்தவர் எல்லாம் கிளர்ந்தெழுவதில்லை

பசி முற்றினால் ஜனங்கள் பொங்கியெழுவார்கள் என்பது, அரசாளுவோருக்கும் அரசைக் கவிழ்க்க விரும்புவோருக்கும் பொதுவாக உள்ள ஒரு நம்பிக்கை. முன்னவர் அதை எண்ணி அஞ்சுகிறார்கள். பின்னவர் அதை எண்ணிக் காத்திருக்கிறார்கள். விலைவாசி ஏறி, வேலை அருகி, கடன் பெருகும் காலங்களிலெல்லாம் இந்தக் கஷ்டம் தெருவுக்கு வருமா, வந்தால் எப்போது வரும் என்ற கேள்வி எழுவதும், அதற்கு விடை காண விரும்புவோர் பிரான்ஸின் சரித்திரத்தையும் ருஷியாவின் சரித்திரத்தையும் புரட்டுவதும் வழக்கமாகிவிட்டன. அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை. பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கும் இலங்கைத் தீவு, சுதந்திரம் பெற்ற பிறகு மூன்று பெரிய உணவு நெருக்கடிகளைக் கண்டது. ஒன்றுக்கு ஹர்த்தாலாலும், ஒன்றுக்கு வாக்குச்சீட்டாலும், மற்றொன்றுக்கு ஜனாதிபதி மாளிகையின் கதவைத் தள்ளித் திறந்தும் அது பதில் சொல்லியிருக்கிறது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை பிரத்தியட்சமாகும். துன்பத்தின் அளவுக்கும் கிளர்ச்சியின் அளவுக்கும் நேர் விகிதம் கிடையாது. மிக அதிகமாகத் துன்புற்றவர்களே மிகக் குறைவாகக் குரல் எழுப்பினார்கள்.

முதலாவது சம்பவம் 1953இல் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து காலமானதும், அவருடைய குமாரர் டட்லி சேனநாயக்க பிரதமரானார். ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கே கூப்பனில் கிடைக்கும் என்ற உறுதியோடு அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வெற்றியும் பெற்றது. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த ரப்பர் விலை இதற்குள் சரிந்துவிட்டது. வெளியிலிருந்து வாங்கும் அரிசியோ விலையேறிக்கொண்டே போயிற்று. கஜானாவின் நெருக்கடியைத் தீர்க்க நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்தன 1953 ஜூலையில் கையாண்ட உபாயம், கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து ஒரேயடியாக 70 சதமாக்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த இலவச மதிய உணவு நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் உயர்ந்தன. ஆகஸ்ட் 12ஆம் தேதி இடதுசாரிக் கட்சிகள் விடுத்த அழைப்பை ஏற்றுத் தீவின் மேற்குக் கரையும் தெற்குக் கரையும் ஸ்தம்பித்தன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சாலைகளின் குறுக்கே மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. நாட்டை ஆளும் மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலான நியூஃபவுண்ட்லாந்தில் ஏறிக் கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. அக்டோபரில் டட்லி ராஜினாமா செய்தார்.

அன்றைய இலங்கையில் பசி இருந்தது உண்மை. ஆனால் ஆசியாவின் வேறு பல நாடுகளோடு ஒப்பிட்டால் அது கொடிய பஞ்சமன்று. ஜனங்களைத் தெருவுக்கு இழுத்தது வயிற்றின் வெறுமையைக் காட்டிலும், தமக்குப் பாத்தியமானதென்று எண்ணியிருந்த ஒன்று ஓராண்டு கடந்ததுமே பறிபோயிற்றே என்ற ஆத்திரம். வாக்களித்தவன் கையாலேயே அது பறிபோனதும், பறித்தவனை இன்னாரென்று சுட்டிக்காட்ட முடிந்ததும், அந்த ஆத்திரத்துக்கு உருவம் கொடுக்கத் தொழிற்சங்கங்கள் தயாராக நின்றதும் சேர்ந்தே அந்த ஒரு நாளைச் சரித்திரமாக்கின. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் விலையேற்றம் வழக்கம்போல் வீட்டுக்குள் நடக்கும் முணுமுணுப்போடு தீர்ந்திருக்கும்.

அந்த ஹர்த்தாலின் பலனை அனுபவித்தவர் யார் என்பது இன்னும் கவனிக்கத் தக்கது. கிளர்ச்சியை நடத்தியவர்கள் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன போன்ற மார்க்ஸியத் தலைவர்கள். கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நின்றவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. 1956 தேர்தலில் அறுவடை செய்தவரோ பண்டாரநாயக்கதான். அரிசியின் பேரால் திரண்ட அதிருப்தியை அவர் மொழியின் பேரால் திருப்பி, அவ்வாண்டு ஜூனில் சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றினார். பொருளாதாரக் கஷ்டத்தில் பிறந்த ஜன எழுச்சி, தன்னை ஈன்ற கஷ்டத்தையே மறந்து, பக்கத்து வீட்டுக்காரனைச் சத்துருவாகக் கண்டுபிடிப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இனி, கிளர்ச்சியே நிகழாமல் போன ஒரு பஞ்சத்தைப் பார்ப்போம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஒருங்கே ஏறின; அந்நியச் செலாவணி வற்றிய இலங்கை சர்க்கார் அரிசிப் பங்கீட்டைக் குறைத்தது; பாண் வாங்க விடியுமுன்னே கடை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இதனினும் கொடியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்தால்தான் அன்றைய கூலி. கொழுந்து குறைந்த வாரங்களில் அந்தக் கூலிக்கும் வழியில்லை. கிராமத்தானுக்குக் கொல்லையில் ஒரு பலாமரமும் நாலு மரவள்ளிச் செடியுமாவது உண்டு. வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் வாழும் தொழிலாளிக்கு, வாசலைத் தாண்டினால் எல்லாம் கம்பெனித் தேயிலை. பங்கீட்டில் வரும் கோதுமை மாவைப் பிசைந்து சுட்ட ரொட்டியே மலையகத்தின் அன்றாட ஆகாரமாக இருந்தபடியால், அந்த மாவு குறைந்தபோது உணவே குறைந்துபோயிற்று. தோட்டப் பகுதிகளில் மரண விகிதம் அவ்விரு ஆண்டுகளில் திடுக்கிடும்படி உயர்ந்ததைச் சர்க்கார் பதிவேடுகளே காட்டின. ஆனால் தண்டவாளம் எதுவும் பெயர்க்கப்படவில்லை. எந்த மந்திரி சபையும் கப்பலேறவில்லை.

காரணங்களை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பாடம். 1948ஆம் ஆண்டுப் பிரஜா உரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டமும் மலையகத் தமிழர் பல லட்சம் பேரை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கிவிட்டிருந்தன. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களென்று கணக்கில் எழுதப்பட்டிருந்தனர். கப்பலுக்காகக் காத்திருப்பவன் எந்தச் சர்க்காரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்வான்? 1971 ஏப்ரலில் வேலையற்ற சிங்கள இளைஞர்களைத் திரட்டி ஜனதா விமுக்தி பெரமுன நடத்திய ஆயுதக் கலகம் இரத்தத்தில் அடக்கப்பட்டதிலிருந்து நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்தது. யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்கோ இறக்குமதித் தடையால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. ஒரே தட்டுப்பாடு ஒருவனைப் பட்டினி போட்டு மற்றொருவனை வீடு கட்ட வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1953இல் ஹர்த்தாலுக்குக் கொடி பிடித்த என். எம். பெரேரா இப்போது பிரதமர் சிறிமாவோ அம்மையாரின் மந்திரி சபையில் நிதி மந்திரியாக வீற்றிருந்தார். தெருவில் ஜனங்களைத் திரட்டும் வித்தை தெரிந்தவர்களே பங்கீட்டைக் குறைக்கும் பொறுப்பில் அமர்ந்துவிட்டபடியால், பசிக்குத் தலைமை தாங்க ஆளில்லை.

ஆயினும் ஜனங்கள் மறந்துவிடவில்லை. 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140ஐ வாரி வழங்கி, ஆண்ட சிறிமாவோவின் சுதந்திரக் கட்சியை எட்டாகக் குறுக்கினார்கள். அரிசி விலையை ஏற்றியதற்காக 1953இல் நாடு முழுவதும் ஏசப்பட்ட அதே ஜயவர்தன, வரிசைகளில் நின்று சலித்த ஜனங்களின் தோள்மீது ஏறிப் பதவிக்கு வந்தார். வாக்குப் பெட்டி திறந்திருந்தபடியால் ஆத்திரம் அதன் வழியாக வெளியேறிற்று, தெரு தேவைப்படவில்லை.

ஜயவர்தன பழைய பாடத்தை நன்கு கற்றிருந்தார். 1953இல் ஒரே நாளில் செய்யப் போய்ச் சுட்டுக்கொண்டதை, 1979இல் படிப்படியாகச் செய்து முடித்தார். அரிசிப் பங்கீடு நீங்கி உணவு முத்திரை வந்தது. முத்திரையின் மதிப்பு பண வீக்கத்தில் ஆண்டுதோறும் கரைந்தது. திறந்த பொருளாதாரம் தந்த புது வேலைகளும் வளைகுடா நாடுகளுக்குப் போன பெண்களின் சம்பாத்தியமும் வலியை ஓரளவு மறைத்தன. 1980 ஜூலையில் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 40,000 ஊழியர் வேலையிழந்தனர். அத்தோடு சங்கங்களின் முதுகெலும்பும் ஒடிந்தது. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலையே நடத்தாமல், சர்வஜன வாக்கெடுப்பொன்றால் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீட்டிக்கொண்டார். சங்கத்தின் வழியும் தேர்தலின் வழியும் இவ்வாறு ஒருங்கே அடைபட்ட தேசத்தில் அடுத்து வந்தவை வடக்கில் யுத்தமும், 1987 முதல் தெற்கில் மறுபடியும் ஓர் ஆயுதக் கலகமும். அடைத்தது ஒன்றே காரணமென்று சொல்வது மிகையாகும். தமிழரின் குறைகளுக்கு வேறு வேர்களும் உண்டு. ஆனால், அமைதியான வழிகளை மூடிவிட்டு அமைதியை எதிர்பார்ப்பது விவேகமன்று என்பதை அந்தப் பத்தாண்டு எல்லோருக்கும் காட்டிற்று.

இந்தப் பின்னணியில்தான் 2022ஐ விளங்கிக்கொள்ள வேண்டும். 2019 நவம்பரில் 69 லட்சம் வாக்குகள் பெற்று ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச, பதவியேற்றவுடன் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டினார். அடுத்து வந்த பெருந்தொற்று சுற்றுலா வருமானத்தைத் துடைத்தெடுத்தது. 2021 மே மாதத்தில் ரசாயன உரத்தை இறக்குமதி செய்யக் கூடாதென்று விதித்த தடையால் நெல் விவசாயியும் தேயிலைத் தோட்டக்காரரும் ஒரே பருவத்தில் விழுந்தனர். 2022 மார்ச்சில் ரூபாயின் பிடி தளர்த்தப்பட்டதும், ஒரு டாலருக்கு 200 ரூபாய்ச் சுற்றிலிருந்த மதிப்பு இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று சர்க்கார் அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நகர உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது.

எண்கள் இவை. தெருவிலோ அது வேறு விதமாகத் தெரிந்தது. ஓட்டோக்காரர் இரவெல்லாம் தமது வண்டிக்குள்ளேயே சுருண்டு படுத்து, முன்னால் நிற்கும் வண்டி நகரும்போது தூக்கத்தோடு இறங்கித் தள்ளுவார். அவருக்குப் பின்னால் குளிர்சாதனம் பொருத்திய காரில் ஒரு வங்கி அதிகாரி. எதிர்ப்புறத்தில் காலி காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டிவிட்டு, நிழல் தேடி ஒதுங்கிய குடும்பப் பெண்கள். வரிசையில் நின்றே முதியவர்கள் மயங்கி விழுந்து மாண்டனர். காகிதம் இல்லாததால் பள்ளிப் பரீட்சைகள் தள்ளிப்போயின. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஏழை வழக்கமாக நிற்கும் வரிசையில் இப்போது நடுத்தர வர்க்கமும் நின்றது என்பதே 2022இன் விசேஷம். ஏழையின் கஷ்டம் நாட்டுக்குச் செய்தியாவதில்லை. வக்கீலும் வைத்தியரும் கல்லூரி மாணவரும் பெட்ரோல் வரிசையில் நின்ற பிறகே அது தேசத்தின் நெருக்கடியாயிற்று. அவர்களிடம் காமிரா உள்ள கைபேசி இருந்தது, பேசத் தெரிந்தது, மேலும் குற்றவாளிகளைத் தேடிப்போக வேண்டிய சிரமமும் இல்லை: ஜனாதிபதி, பிரதமர், நிதி மந்திரி மூவரும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள்.

மார்ச் 31ஆம் தேதி இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் இல்லத்தருகே தொடங்கிய கிளர்ச்சி, ஏப்ரல் 9 முதல் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடாரமடித்துக் குடியேறிற்று. மே 9ஆம் தேதி ஜனாதிபதியின் அண்ணன் மகிந்த ராஜபக்சவின் ஆதரவாளர் அங்கே புகுந்து தாக்க, அதே நாளில் நாடெங்கும் பதிலடியும் தீவைப்பும் நிகழ, மகிந்த பிரதமர் பதவியைத் துறந்தார். ஜூலை 9ஆம் தேதி ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தனர். 13ஆம் தேதி கோட்டாபய நாட்டைவிட்டு வெளியேறி, மறுநாள் ராஜினாமாக் கடிதம் அனுப்பினார்.

ஆனால் அந்தப் பெருங்கூட்டத்திலும் இல்லாதவர் யார் என்று பார்த்தால் பழைய கதையே தெரிகிறது. வட மாகாணத் தமிழர் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றனர். 1990 முதல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் கீழ், ஜாம் போத்தலில் திரி போட்டு அதன் வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தவர்களும், ஒரு சொட்டுப் பெட்ரோலில் இன்ஜினை முடுக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும், 13 மணி நேர மின்வெட்டைக் கண்டு அதிசயிப்பார்களா? தாம் இத்தனை ஆண்டு பட்டதைத் தெற்கு அறியவேயில்லை என்ற கசப்பும், அன்று யுத்தத்தை நடத்திய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபயவே இன்று விரட்டப்படுகிறார் என்ற மௌனத் திருப்தியும் அவர்களிடம் கலந்திருந்தன. மே 18ஆம் தேதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கி, யுத்தத்தின் முடிவில் மாண்ட தமிழரை நினைவுகூர்ந்தது, தலைநகரின் நடுவில் அதுவரை எண்ணிப் பார்க்கவும் முடியாத ஒன்று. அதைச் சிறிதென்று தள்ளிவிடுவதற்கில்லை. மலையகத் தொழிலாளியோ, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் 1,000 ரூபாய்ப் பேர் போய்விடும் நிலையில், கொழும்புக்குப் போய்க் கூடாரத்தில் உட்கார வசதியற்றவராகவே இருந்தார். கிளர்ச்சி செய்யவும் சிறிது மிச்சம் வேண்டும்: பஸ் கட்டணம், விடுப்பு, வீட்டில் அடுப்பெரிய வைக்கும் இன்னொருவர்.

ஆளை அகற்ற வேண்டுமென்பதில் ஒன்றுபட்ட கூட்டம், அடுத்து என்ன என்பதில் ஒன்றுபடவில்லை. 2020 தேர்தலில் நாடு முழுவதிலும் ஓர் ஆசனமே பெற்ற கட்சியின் தலைவர் ரணில் விக்ரமசிங்க, ஜூலை 20ஆம் தேதி பாராளுமன்றத்தில் 134 வாக்குகளால் ஜனாதிபதியானார். 22ஆம் தேதி விடியுமுன் ராணுவம் காலிமுகத்திடலில் புகுந்து கிளர்ச்சிக்காரரை விரட்டியது. பிறகு வந்த ஈராண்டுகளே இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு முக்கியமான சாட்சி. QR குறியீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டரென்று பெட்ரோல் பங்கிடப்பட்டதும் வரிசைகள் மறைந்தன. வரிசை மறைந்ததும் கஷ்டமே மறைந்ததாக வெளியுலகம் எண்ணிற்று. உண்மையில் அது இடம் மாறிற்று. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் ஏறிற்று. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 சதவீதமாயிற்று; அடுத்த ஆண்டும் குறையவில்லை. உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டு, தொழிலாளரின் சேமலாப நிதியின் மீதே பாரம் ஏற்றப்பட்டது. காலையில் வரிசையில் நிற்கும்போது தெரியும் நஷ்டத்துக்கு ஜனங்கள் கொதித்தார்கள். ஓய்வுபெறும் நாளில்தான் தெரியப்போகும் நஷ்டத்துக்கு யாரும் கூடாரமடிக்கவில்லை.

2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் பணமில்லையென்று ஒத்திவைக்கப்பட்டதும் 1982இன் பழைய தவற்றின் சாயலே. நல்ல வேளையாக 2024 செப்டம்பர் 21ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தலேனும் நடந்தது. 2019இல் 3.16 சதவீதமே பெற்ற அநுர குமார திசாநாயக்க, இம்முறை முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம் பெற்று, இரண்டாம் விருப்ப வாக்குகளையும் சேர்த்து வென்றார். இருமுறை ஆயுதமேந்தித் தோற்ற ஜனதா விமுக்தி பெரமுனவின் தலைவர் அவர் என்பது சரித்திரத்தின் வினோதம். நவம்பர் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாணமும் நுவரெலியாவும் அதில் அடக்கம். தெருவில் ஒன்றுசேராதவர்கள் வாக்குச்சாவடியில் ஒன்றுசேர்ந்தனர். 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் அதே கட்சியின் வாக்கு 61 சதவீதத்திலிருந்து 43 சதவீதத்துக்கு இறங்கியதும் ஆரோக்கியமான அறிகுறியே. அதிருப்தி தன்னைச் சொல்லிக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம் போதுமாயிற்று.

இனி மற்றுமொரு எழுச்சி வருமா என்றால், அதற்கு வேண்டிய பொருள்களில் பாதி இன்றும் அங்கே தயாராக இருக்கிறது. புதிய சர்க்கார் பெரிய நம்பிக்கைகளின் மீது ஏறி வந்தது. அதன் கைகளோ சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளால் கட்டுண்டவை. வெளிநாட்டுக் கடனின் அசல் 2028 முதல் மீண்டும் கழுத்தை நெரிக்கும். வாக்களித்தவன் கையாலேயே பறிபோகும் அனுபவம் மறுபடியும் நேர இடமுண்டு. அப்படி நேர்ந்தால், 1956இல் அரிசிக்கோபம் மொழிக்கோபமானது போல், புதிதாக ஒரு சத்துருவைச் சுட்டிக்காட்ட ஆட்களும் கிடைப்பார்கள்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, சுமையைப் பங்கிடும்போது யார் சத்தம் போடுவார்கள் என்ற கணக்கை விட்டு, யாரால் தாங்க முடியும் என்ற கணக்கைப் பார்ப்பது. மானியத்தை வெட்டுமுன் லயத்துக் காம்பிராவின் அடுப்பையும், சேமலாப நிதியைத் தொடுமுன் தையல் ஆலைப் பெண்ணின் முதுமையையும் எண்ணாத நிதித் திட்டம், கலகம் வராத வரையில் வெற்றியென்று தன்னை மெச்சிக்கொள்ளும். 1974இலும் அப்படித்தான் மெச்சிக்கொண்டார்கள். இரண்டாவது, வாசல்களைத் திறந்து வைப்பது. மாகாண சபைகள் பல ஆண்டுகளாகத் தேர்தலின்றி ஆளுநர்களின் கையில் கிடக்கின்றன; தமிழர் தம் அதிருப்தியைச் சொல்வதற்குச் சட்டம் தந்த வாசல் அதுவே. அந்தத் தேர்தலை நடத்த ஒரு கடன்காரனின் அனுமதியும் வேண்டியதில்லை, நாணய நிதியத்தின் நிபந்தனையும் தடுக்கவில்லை. 159 ஆசனம் உள்ள சர்க்கார் விரும்பினால் முடிக்கக்கூடிய காரியம்; முடிக்காவிட்டால் அதற்கான பொறுப்பைப் பழைய ஆட்சியின் தலையில் சுமத்த முடியாது.